நடுவில் கரையும் நீலப்படம்

ஐயா, சயனோரைப் (வெய்யில் பட்டு நீலமாக விழும் பட அச்சு) செய்து பழகுகிறேன். பனங்கூடல் படமொன்றின் நெகற்றிவ்வை ஓஎச்பி தாளில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாள்) பிறின்ற் எடுத்து, வெளிச்சத்தில் நிறம் மாறும் மருந்து பூசிய தாளோடு இரண்டு கண்ணாடிக்கு இடையில் வைத்து, சுற்றிவர கிளிப் போட்டு வெளியில் வைக்கிறேன். ஓரத்தில் ஓலை ஈர்க்கு ஈர்க்காகத் தெரிகிறது, நடுவில் கரைந்துபோகிறது. மாரியில் இன்னும் மோசம். பிறின்ரரை மாற்றவா?
— வாசகர், கிளிநொச்சி

வணக்கம்.

பிறின்ரருக்குக் காசைக் கொட்டாதீர்கள். அதன் பிழையென்றால் ஓரமும் மங்கியிருக்கும். கிளிப் கவ்வுவது ஓரத்தை மட்டும்தான். மெல்லிய கண்ணாடி அதற்கு வளைந்து நடுவில் எழும்பிவிடும். கீழ்க்கண்ணாடியை எடுத்துவிட்டுப் பிளைவூட் பலகை வையுங்கள். அதன்மேல் அரை அங்குல ஸ்பொஞ்ச், பிறகு தாள், நெகற்றிவ், எல்லாவற்றுக்கும் மேலே 5 மி.மீ. கண்ணாடி. ஸ்பொஞ்ச் அமுங்கி நடுவையும் மேலே தள்ளும்.

மை எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. மைப்பக்கம் மருந்தில் படவேண்டும். இல்லாவிட்டால் ஓஎச்பி தாளின் தடிப்பு, ஏறக்குறைய 0.1 மி.மீ., எப்போதும் இடையில் நிற்கும். ஆகவே பிறின்ற் எடுக்க முன்னமே படத்தை இடம்வலம் மாற்றுங்கள்.

இனி மாரி. சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலம்தான். நெகற்றிவ்வுக்கும் தாளுக்கும் இடையில் அரை மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலும் நேர் வெய்யிலில் நிழலோரம் 0.005 மி.மீ. அளவே பரவும், கண்ணுக்குத் தெரியாது. முகில் மூடினால் வானம் முழுக்க விளக்கு: 45 பாகையில் சரிந்து வரும் ஒளி அதே இடைவெளியில் அரை மில்லிமீற்றர் தள்ளிப்போய் விழும். ஈர்க்கின் கோடு அதற்குள் காணாமற் போகாதா? வெறும் வெய்யிலிலும் நீலவானத்து ஒளி சேர்ந்துதான் விழுகிறது. பலகையும் கண்ணாடியும் சேர்ந்த சட்டத்தைச் சுற்றி உட்பக்கம் கறுப்பான ஆழப்பெட்டி வைத்து, சூரியனுக்கு நேரே திருப்பினால் அதில் பெரும்பங்கு மறையும். நேரம் கொஞ்சம் கூடும்.

ஈரம் இன்னொரு தொல்லை. சரியாகக் காயாத தாள் கண்ணாடிக்குக் கீழே சூடேற அலையலையாக நெளியும், நெகற்றிவ்வின் மையையும் இழுக்கும். பூசிய தாளின் பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது. இருட்டில் இன்னும் கிடக்கட்டும்.

கோடு இரட்டையாக விழுந்தால் அது வேறு பிழை, திறந்து பார்த்தபோது நெகற்றிவ் அசைந்திருக்கிறது. ஒரு பக்கத்தை ரேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

நல்ல படத்தைப் பாழாக்க முன், பஞ்சாங்க எழுத்தளவில் பொடி எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தை அதே ஓஎச்பி தாளில் எடுத்து அச்சிட்டுப் பாருங்கள். எழுத்து எங்கே வாசிக்க முடியாமற் போகிறதோ, அங்கே கண்ணாடி அழுத்தவில்லை.