ஓதம் ஏறும் சுவரும் ஒழுகாத குளியலறையும்: பழைய வீடு குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஐயா கட்டிய வீடு எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. சென்னையிலிருந்து திரும்பி அங்கேயே குடியிருக்க விரும்புகிறோம். பட்டாலை எனும் கூடத்துச் சுவர்களில் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குக் காரை பொரிந்து உதிர்கிறது. பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, நீர்க்கசிவைத் தடுக்கும் ரசாயனம் கலந்து சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். சரிதானா?
(வாசகி, காரைக்குடி வட்டாரம்)

பதில்: சரியில்லை. கொத்தனாரைச் சில வாரங்கள் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். உதிர்ந்த இடத்தில் விரலால் தடவினால் வெள்ளை மாவு போல ஒட்டும்; நாவில் வைத்தால் கரிக்கும். அது மண்ணிலிருந்து வந்த உப்பு. அடித்தளத்து ஈரம் செங்கலின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும்போது உப்பையும் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியானதும் உப்பு மட்டும் படிகமாகத் தங்கி, உள்ளிருந்து பூச்சைத் தள்ளிப் பெயர்க்கிறது. சுண்ணாம்புக் காரை இந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும் தன்மையுடையது. அதனால் பூச்சுதான் உதிருமே தவிர, செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சுக்குப் பின்னாலேயே மேலேறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேல் தலைகாட்டும்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டின் கூடத்துச் சுவருக்கு, ஓர் ஒப்பந்தக்காரரின் பேச்சை நம்பி, நான்கடி உயரத்துக்குச் சிமென்ட் பூசினோம். இரண்டு மழைக்காலம் சுவர் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது ஆண்டில், அதுவரை ஈரமே காணாத ஆறடி உயரத்தில் கறை படர்ந்தது. அந்தச் சிமென்ட்டை உளியால் பெயர்த்தபோது பழைய செங்கலின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வந்ததை இன்றும் வருத்தத்துடன்தான் நினைக்கிறேன்.

ஆகவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். முற்றத்துத் தூம்பு அடைத்திருக்கிறதா, இரண்டு கூரைச் சரிவுகள் கூடும் கூடல்வாயின் தகரம் ஓட்டையாகிச் சுவரோரம் ஒழுகுகிறதா, சுவரை ஒட்டிய தோட்டத்துக்குத் தினமும் நீர் பாய்கிறதா என்று கவனியுங்கள். தெரு மட்டத்தையும் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் சாலை போட்டதால், நான்கு படி ஏறி நுழைந்த வீடுகள் பல ஊர்களில் இன்று தெருவோடு சமமாகிவிட்டன. மழைநீர் சுவரின் அடியிலேயே தேங்குகிறது. பழைய மேற்பரப்பை அகற்றிய பின்பே புதிய சாலை போட வேண்டும் என்று அப்போதைய தமிழகத் தலைமைச் செயலாளர் 2021ஆம் ஆண்டு அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவில் சாலைப் பணி வரும்போது ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ அதைச் சுட்டிக்காட்டி எழுதிக் கொடுங்கள்.

நீர் வரும் வழியை அடைத்த பிறகு, உதிர்ந்த பகுதியை மட்டும் செங்கல் தெரியும்வரை சுரண்டி எடுத்து, ஒரு கோடைக்காலம் முழுவதும் காற்றாட விடுங்கள். பூக்கும் உப்பை நீரூற்றிக் கழுவாமல், உலர்ந்த தூரிகையால் தட்டி, விழுவதை அள்ளி அப்புறப்படுத்துங்கள். நீரூற்றினால் உப்பு மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு, சில வாரங்களாவது குழியில் ஊறி நன்றாக நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கும் உப்பில்லாத ஆற்றுமணல் மூன்று பங்கும் கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர்விட்டு அரைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசச் சொல்லுங்கள். ஒவ்வோர் அடுக்கையும் வெயிலில் வெடிக்க விடாமல், ஈரச் சாக்கு கட்டிக் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக உறிஞ்சி மீண்டும் கல்லாக மாறும் பொருள். அதை அவசரப்படுத்த முடியாது. தை பிறந்ததும் சுரண்டத் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிந்துவிடும்.

மேற்பகுதியில் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துத் தேய்த்த வழவழப்பான பூச்சு இன்னும் நன்றாக இருந்தால், அதன் மீது பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். தூசி போனதும் கன்னத்தை வைத்துப் பார்க்கத் தோன்றும் அளவுக்குக் குளிர்ச்சியாக மின்னும். செட்டிநாட்டு ஊர்கள் 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதற்கு அரண்மனை போன்ற முகப்புகள் மட்டுமல்ல, இத்தகைய கைவேலைகளும் காரணம் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: எண்பது ஆண்டுப் பழமையான மெட்ராஸ் டெரஸ் வீடு. மாடி அறையோடு சேர்த்துக் குளியலறை கட்டலாமா? மாமியாருக்கு எழுபத்தைந்து வயது. இரவில் கொல்லைக்குப் போக முடியவில்லை.
(வாசகி, மயிலாடுதுறை)

பதில்: உங்கள் மாமியாரை மாடியில் தங்கவைப்பதே நல்லதல்ல, அவருக்குக் கீழ்த்தளத்தில்தான் இடம் ஒதுக்க வேண்டும். அதைத் தவிர, அந்தத் தளத்தின் அமைப்பும் இதற்கு ஒத்துவராது. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வு வரிசையில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு எனும் தட்டையான ஓட்டைப் பரப்பி முடிப்பது. நூறாண்டு தாங்கக்கூடிய அந்தத் தளத்துக்கு, தினமும் கசியும் ஈரம்தான் எதிரி. குளியலறைக் குழாயில் துளித்துளியாகக் கசிந்தாலும், சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் முனைதான் முதலில் உளுத்துப்போகும். அது வெளியே தெரிவதற்குள் கட்டை வலுவிழந்திருக்கும்.

குளியலறையை வீட்டின் பின்கட்டில், பழைய சுவரோடு பிணைக்காமல், சொந்த அடித்தளத்தின் மீது தனியாகக் கட்டுங்கள். இரண்டு சுவர்களுக்கும் இடையில் மழைநீர் இறங்காதபடி மேலே தகடு போட்டு மூடி, கூடத்தை ஒட்டிய ஓர் அறையின் பின்வாசல் வழியாக அதற்குள் நுழையும்படி அமைத்தால், இணைந்த குளியலறை போலவே பயன்படும். இங்கே சிமென்ட், பீங்கான் ஓடு, மேற்கத்திய கழிப்பறை என எல்லாப் புதிய வசதிகளையும் தயங்காமல் செய்துகொள்ளலாம். கதவு மூன்றடி அகலம் இருக்கட்டும். நாளை சக்கர நாற்காலி தேவைப்பட்டால் உதவும். வாசற்படி உயரமில்லாமல், வழுக்காத தரையும் கைப்பிடிக் கம்பியும் அவசியம். பழைய வீட்டில் நிலைப்படி தாண்டிப் பழகிய காலுக்கும் முதுமையில் உயர்ந்த படி தடுக்கும்.

கேள்வி: ஆத்தங்குடி தரை மங்கிவிட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவி, இயந்திரத்தால் பாலிஷ் போடலாமா?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: இரண்டும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதன்று. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமென்ட்டை அச்சுக்குள் ஊற்றி, பின்னால் மணலும் சிமென்ட்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துவது. கண்ணாடியில் படிந்த முகத்துக்கு இயல்பாகவே வழவழப்பு வந்துவிடுகிறது. பூ வேலைப்பாடு மேலுள்ள மெல்லிய அடுக்கில் மட்டுமே இருப்பதால், இயந்திரம் அதையே தேய்த்து எடுத்துவிடும். ஆசிட் சிமென்ட்டையே அரித்துவிடும். எலுமிச்சையும் புளியும் சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும். மிதமான சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்ந்ததும் சில துளித் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவாருங்கள். பளபளப்பு நாளாவட்டத்தில்தான் திரும்பும். வீட்டில் வெறுங்காலோடு நடப்பதும் அதற்கு உதவும்.

கேள்வி: எங்கள் தெருவில் எல்லோரும் திண்ணையை இடித்துக் கார் நிறுத்துகிறார்கள். அண்ணனும் அப்படித்தான் சொல்கிறார். மின்கம்பிகளையும் மாற்றி, குளிர்சாதனமும் வைக்க வேண்டும். என்ன செய்யலாம்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: மின்கம்பியை முதலில் மாற்றுங்கள், இதில் தாமதம் கூடாது. மரப்பட்டியில் ஓடும் பழைய கம்பிகளின் உறை காய்ந்து வெடித்திருக்கும், நில இணைப்பும் பெரும்பாலும் இருக்காது. புதிய கம்பிகளுக்காகச் சுவரை வெட்டிக் குழாய் புதைக்க வேண்டாம். காரைச் சுவரில் வெட்டும் பள்ளம் நெடுகப் பூச்சைத் தளர்த்திவிடும். சுவரின் மேலேயே நேர்த்தியான குழாய்களில் கொண்டுபோகலாம்; பழுது வந்தால் உடனே தெரியும். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானையும் கட்டாயம் பொருத்துங்கள். குளிர்சாதனத்தை ஒரே ஓர் அறையில் மட்டும், கதவு சன்னல் இடுக்குகளை அடைத்த பின் வையுங்கள். அதன் கழிவுநீர்க் குழாய் சுவரோரம் சொட்டாமல் தூம்பு வரை செல்லட்டும். பொய்க்கூரை போட்டு உத்திரங்களை மூடிவிடாதீர்கள். மறைத்த மரத்தில் கரையான் புகுந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

திண்ணையைப் பொறுத்தவரை, உங்கள் அண்ணனிடம் தூண்களைக் காட்டுங்கள். முன்கூரையின் பாரம் அந்தத் தூண்கள் வழியாகத்தான் திண்ணைக் கட்டடத்தில் இறங்குகிறது. திண்ணையை எடுத்தால் தூண்களையும் கூரையையும் புதிதாகத் தாங்கவைக்க வேண்டியிருக்கும். மழைச்சாரலும் தெருநீரும் நேரே வாசற்சுவரின் அடியில் அடிக்கும். புதுச்சேரியில் வைசியாள் தெருவின் தமிழ் வீடுகளைச் சீரமைத்தபோது தெருவைப் பார்த்த தாழ்வாரங்களையும் தூண்களையும்தான் மீட்டெடுத்தார்கள். அந்தப் பணிக்கு 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. உங்கள் ஊரின் பழைய வீடுகள் பலவற்றுக்குக் கொல்லைப்புறம் பின்தெருவில் திறக்கிறது. உங்கள் வீட்டுக்கும் அப்படி இருந்தால், பின்மதிலில் ஒன்பதடி அகலத்துக்கு ஒரு கதவு வைக்க இடமிருக்கிறதா, பின்தெருவில் கார் திரும்புமா என்று ஒரு நாடாவும் ஒரு துண்டுச் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு போய் அண்ணனோடு சேர்ந்து அளந்து பாருங்கள். கிணற்றுக்கும் கார் நிற்கும் இடத்துக்கும் இடையே குறைந்தது ஆறடியாவது விட்டுக் கோடு போடுங்கள்.