தரையைத் தட்டிய மெடியா

வணக்கம். ஓபரா பாடகி மரியா காலஸ் 1958-இல் டல்லாஸில் பாடிய ‘மெடியா’ ஓபராவின் பதிவைக் கேட்டேன். கணவன் கைவிட்டதற்குப் பழிவாங்கப் பெற்ற பிள்ளைகளையே கொல்லும் மெடியாவின் கிரேக்கக் கதை அது. மேடை இயக்கம் அலெக்சிஸ் மினோட்டிஸ் என்று படித்தேன். ஓபராவில்தான் எல்லாவற்றையும் இசையே முடிவுசெய்துவிடுகிறதே, அங்கே ஒரு நாடகக்காரருக்கு என்ன வேலை?
க.

அன்புள்ள க.,

எப்போது பாட வேண்டும், எவ்வளவு நேரம் பாட வேண்டும் என்பதையெல்லாம் இசை சொல்லிவிடும். பாடும்போது உடம்பு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. மினோட்டிஸ் வருவது அங்கேதான்.

கிரீட் தீவில் பிறந்த அவர் ஏதென்ஸ் தேசிய நாடக அரங்கில் நடிகராகப் பெயரெடுத்தவர். ஹிட்ச்காக்கின் ‘நொட்டோரியஸ்’ படத்தில் பணியாள் ஜோசப்பாகக்கூட வருவார். 1955-இல் எபிடாரஸின் பழைய திறந்தவெளி அரங்கில் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் ‘ஹெகுபா’வை இயக்கினார், ஹெகுபாவாக நடித்தவர் அவர் மனைவி கத்தினா பாக்சினூ. பல்லாயிரம் பேர் உட்காரும் அரங்கு அது. மேல் வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் முகமே தெரியாது. நிற்பதும் திரும்புவதும் கை உயர்வதும்தான் நடிப்பு. ஓபராவுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை என்பேன்.

டல்லாஸ் ஒத்திகையில் ஒருநாள், தெய்வங்களை அழைக்கும் இடத்தில் காலஸ் சட்டென்று மண்டியிட்டுக் கைகளால் தரையை ஓங்கித் தட்டினார். மினோட்டிஸ் திகைத்துப்போனார். பாதாள தெய்வங்களை அப்படித் தட்டி அழைக்கலாமா என்று அவரும் பாக்சினூவும் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். காலஸிடம் சொல்லவே இல்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது, அந்த இடத்துக்கு அதுதான் சரி என்று தோன்றியதாகச் சொன்னாராம்.

அப்படியானால் இயக்குநர் எதற்கு என்று மறுபடி கேட்பீர்கள். பாடகிக்குத் தானாக வந்த அசைவு எத்தனை பழையது என்று அறிந்து, அதைக் காப்பாற்ற ஒரு ஆள் வேண்டாமா? கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் வருடக்கணக்காக ஊறியவருக்கே அந்தக் கண் இருக்கும். இசையமைப்பாளர் செருபீனி 1797-இல் பாரிஸுக்காக எழுதிய இந்த ஓபராவின் இசை, மினோட்டிஸின் கையில், ஓவியர் யானிஸ் சரூகிஸின் அரங்க அமைப்போடு, மறுபடி கிரேக்கக் கதையானது. 1959-இல் லண்டனுக்குப் போன அந்தத் தயாரிப்பு 1961-இல் எபிடாரஸுக்கே வந்தது. அப்புறம் மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கு. 1962-இல் அந்த மேடையில் காலஸ் கடைசியாகப் பாடியதும் இதே மெடியாவைத்தான்.