தாமிரபரணியில் வெள்ளம் போகும்போது நண்பர்களோடு கேனோவில் ஒரு நாள் போய்வரலாமா?

கேட்டவர் பாளையங்கோட்டைப் பக்கம் போலத் தெரிகிறது. நான்கு நண்பர்கள், இரண்டு கேனோ, எல்லாருக்கும் நீச்சல் தெரியும், கார்த்திகையில் ஆறு கரை தொட்டு ஓடும்போது சீவலப்பேரியில் இறங்கி முறப்பநாடு வரை போகலாமா என்று கேட்டிருக்கிறார். படித்ததும் எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. இதே நான்கு பேர், இதே இரண்டு படகு, இதே சீவலப்பேரி, இதே கார்த்திகை. சில வருடங்களுக்கு முன் நாங்கள் போனோம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தில் இறங்காதீர்கள். தை பிறந்து தண்ணீர் தெளிந்த பிறகு தாராளமாகப் போங்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் நால்வரும் ஒன்றாகப் படித்தவர்கள். இன்றைக்கும் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம். மணப்பாட்டான் கடற்கரைக்காரன், அப்பாவுக்கு மீன்பிடித் தொழில். முக்கூடலான் வீட்டுக்குப் பின்னாலேயே ஆறு. களக்காட்டானுக்குப் பச்சையாறு. நான் சேரன்மகாதேவி. மணப்பாட்டான் அப்போது கொச்சியில் வேலை பார்த்தான். அங்கே யாரோ விற்ற இரண்டு பழைய பிளாஸ்டிக் கேனோக்களை வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். எங்களுக்கு அது கேனோ, அவனுக்கு வள்ளம்.

சீவலப்பேரிக்குக் காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆறு மட்டும் செம்மண் கரைத்த நிறத்தில், ஆகாயத்தாமரைக் கொத்துகளையும் மரக்கட்டைகளையும் தூக்கிக்கொண்டு போயிற்று. படித்துறையில் ஒரு பெரியவர் செம்பில் தண்ணீர் மோந்து குளித்துக்கொண்டிருந்தார். எங்கள் படகுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நேத்து சாயங்காலம் மேலேருந்து ஏழாவது படி தெரிஞ்சுது தம்பி. இப்ப நாலாவது படியும் முங்கிட்டு. இது ஏறுத தண்ணியாக்கும். ரெண்டு நாள் பொறுத்து வாங்க."

"நீச்சல் தெரியும் தாத்தா" என்றான் முக்கூடலான்.

"இந்த ஊருல நீச்சல் தெரியாத ஆளு யாருய்யா இருக்கா" என்று சொல்லிவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் அடிக்கிறதே, வெள்ளம் எங்கிருந்து ஏறும் என்று நினைத்தோம். அது எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் உறைத்தது. நம் ஆற்றின் மழை நம் தலைக்கு மேல் பெய்கிற மழை அல்ல. ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்று மலைமேல் பெய்வதுதான் நம்மிடம் பல மணி நேரம் கழித்து வந்து சேர்கிறது. பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. கார்த்திகையில் இவை நிறைந்து நிற்கும்போது உள்ளே வருகிற தண்ணீரை அப்படியே வெளியே விட்டாக வேண்டும். அதோடு கடனாநதி, பச்சையாறு எல்லாம் வழியில் சேர்கின்றன. சீவலப்பேரியில் சித்தாறும் வந்து விழுகிறது. குற்றால மலையின் தண்ணீர் அது. அதைப் பிடித்து வைக்கப் பாபநாசம் அளவுக்குப் பெரிய அணை எதுவும் இல்லை. ஆகவே நீங்கள் இறங்க நினைக்கிற இடம், நம் மாவட்டத்து மலைத் தண்ணீர் முக்கால்வாசியும் ஒன்றுகூடிய இடம்.

ஏறுகிற தண்ணீரா வடிகிற தண்ணீரா என்று பார்க்க எளிய வழி உண்டு. தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். குச்சி தண்ணீருக்குள் போயிருந்தால் ஏறுகிறது. குச்சிக்குக் கீழே ஈரக்கோடு விட்டுத் தண்ணீர் இறங்கியிருந்தால் வடிகிறது. கட்டையும் குப்பையும் நடு ஆற்றில் மிதந்து வந்தாலும் ஏறுகிறது என்றுதான் அர்த்தம். எங்களுக்கு அன்று குச்சிகூடத் தேவைப்படவில்லை, படிகளே சொல்லின.

சரி, இறங்கினோம். முன் படகில் மணப்பாட்டானும் களக்காட்டானும். பின் படகில் முக்கூடலானும் நானும். நான்கு லைஃப் ஜாக்கெட் இருந்தது. மூன்று பேர் போட்டுக்கொண்டோம். முக்கூடலான் தன்னுடையதை மடித்து உட்காரும் இடத்தில் போட்டுக்கொண்டான். "எனக்கு எதுக்குல" என்றான்.

முதல் அரைமணி நேரத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். அவ்வளவு அழகு. கோடையில் நாம் பள்ளத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற கரை, அன்று எங்கள் தோள் உயரத்தில் இருந்தது. வாழைத்தோட்டங்களுக்குள் கண் நேராகப் போனது. பனைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. நாணல் முழுக்க மூழ்கி, நுனிகள் மட்டும் ஒரே திசையில் படுத்துத் துடித்துக்கொண்டிருந்தன. நீர்க்காகங்கள் கூட்டமாக மேலே போயின. துடுப்புப் போடவே வேண்டாம், ஆறே கொண்டுபோயிற்று. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. படகின் அடியில் மணல் உரசுகிற மாதிரி ஒரு சரசரப்பு மட்டும் கேட்டது. ஓடுகிற தண்ணீர் வண்டல் சுமந்து வருவதால் உண்டாகும் சத்தம் அது. இன்றும் கண்ணை மூடினால் கேட்கிறது. உங்களுக்கு ஆசை வருவதில் தப்பே இல்லை.

பிறகு ஆறு ஒரு வளைவில் திரும்பியது. வளைவில் தண்ணீர் எப்போதும் வெளிக்கரையைத்தான் போய் மோதும், படகும் அங்கேதான் போகும். அந்தக் கரையில் வேர் அரித்து ஒரு மருத மரம் ஆற்றுக்குள் சாய்ந்து கிடந்தது. அதன் கிளைகளில் சீமைக்கருவேலம், நெகிழிப் பைகள், வைக்கோல் எல்லாம் சிக்கி ஒரு வேலி மாதிரி நின்றது. தண்ணீர் அதற்குள் புகுந்து போய்விடும். ஆளும் படகும் போக முடியாது. வடிகட்டியில் தேயிலை தங்குவதைப் போல அங்கேயே தங்க வேண்டியதுதான். வெள்ளத்தில் நான் எதற்கும் பயப்படுவதைவிட இந்த மாதிரி மரத்துக்குத்தான் இப்போது பயப்படுகிறேன்.

முன்னால் போனவர்கள் எப்படியோ உள்பக்கம் வெட்டித் தப்பிவிட்டார்கள். எங்கள் படகு குறுக்காகத் திரும்பி மரத்தில் அறைந்தது. மோதியதும் இரண்டு பேரும் மரத்தை விட்டு விலகி, தண்ணீர் வருகிற பக்கமாகச் சாய்ந்தோம். யாருடைய உடம்பும் அப்படித்தான் செய்யும். அதுதான் செய்யக் கூடாதது. மரத்தின் பக்கமாகச் சாய்ந்து அதை அணைத்துக்கொண்டிருந்தால் படகு நின்றிருக்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்ததால் விளிம்பு தாழ்ந்து, ஒரே மூச்சில் படகு நிறைந்துவிட்டது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. கோடையில் இடுப்பளவு ஓட்டத்தில் நின்று பழகிய கால்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. படகு என் கண் முன்னால் அட்டைப்பெட்டி மாதிரி மடிந்து மரத்தைச் சுற்றிக்கொண்டது.

ஜாக்கெட் என்னைத் தூக்கியது. வயிற்றால் ஒரு கிளைமேல் ஏறிக் கட்டிக்கொண்டேன். முக்கூடலானைக் காணவில்லை. அவன் மரத்துக்கு அடியில் போய்விட்டான். எத்தனை நொடி என்று தெரியாது, நான் அவன் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் அவன் தலை வெளியே வந்தது. சட்டை முழுக்கக் கிழிந்து, முதுகெல்லாம் முள் கீறி, கீழே ஒரு வாழைத்தோட்டத்தின் ஓரத்தில் போய் ஒதுங்கினான். கிளைகளுக்கு நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்து இருந்திருக்கிறது. அவ்வளவுதான். எங்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவன் அவன்தான், அந்த நீச்சலில் ஒரு கை அடிக்கக்கூட அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

மற்ற இரண்டு பேரும் சற்றுக் கீழே ஓர் உறைகிணற்றின் மறைவில் படகை நிறுத்தியிருந்தார்கள். குடிநீருக்காக ஆற்றுக்குள் கட்டியிருக்கிறார்களே, அந்த வட்டக் கிணறு. அதன் பின்னால் மட்டும் தண்ணீர் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றும். ஆனால் அங்கிருந்து என்னிடம் ஏறி வர வழியில்லை.

என்னைக் கரைசேர்த்தவர் ஒரு வாழை விவசாயி. கத்தல் கேட்டு வந்தவர், முதலில் கயிற்றை வீசிப் பார்த்தார். எட்டவில்லை. போய் ஒரு வாழையை வெட்டி, அந்தத் தண்டில் மாட்டுக் கயிறுகளை முடிந்து, மேலே கொஞ்ச தூரம் நடந்து ஆற்றில் விட்டார். வெள்ளமே அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. நான் பதற்றத்தில் கயிற்றை இடுப்பில் சுற்றப் போனேன். "கெட்டிக்கிடாதீய! கையில மட்டும் பிடிங்க! கெட்டுனா தண்ணி உள்ள அமுக்கிரும்!" என்று கத்தினார். கட்டிக்கொண்டிருந்தால், கயிறு இறுகி ஓட்டம் என்னை அடியில் அழுத்தியிருக்கும், அவிழ்க்க முடிந்திருக்காது. அதை அவர் எங்கே கற்றார் என்று கேட்டேன். வெள்ளத்தில் மாடு இழுத்துக் கரையேற்றிய அனுபவம் என்றார். பிடித்துக்கொண்டேன். ஊஞ்சல் மாதிரி ஓர் அரைவட்டம் போட்டுக் கரையில் சேர்ந்தேன்.

அன்று மாலை முறப்பநாட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். யாரும் பேசவில்லை. மணப்பாட்டான்தான் கடைசியில் சொன்னான். "கடல்ல அலை அடிக்கும் மக்கா, அடிச்சுட்டு விட்டுரும். அந்த நேரத்துல மூச்செடுத்துக்கிடலாம். இது விடவே மாட்டேங்குது." பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவன் சொன்னது. வெள்ள ஆற்றைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. அப்போது கடற்கரை மீனவர்கள் லாரிகளில் படகுகளை ஏற்றிவந்து மக்களை மீட்டார்கள். வெள்ளத்தில் படகு இறங்குவதென்றால் அந்தத் தேவைக்கு, அந்தக் கைகளோடு இறங்க வேண்டும்.

இன்னொன்று, அணைக்கட்டுகள். வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்ப ஆற்றின் குறுக்கே கட்டிய தாழ்வான சுவர்கள். பாபநாசத்திலிருந்து கடல் வரை எட்டு இருக்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கேனோவில் கண் தண்ணீர் மட்டத்திலேயே இருப்பதால், மேலிருந்து வரும்போது அணைக்கட்டு தெரியாது. ஆறு ஒரு நேர்கோட்டில் முடிகிற மாதிரி மட்டும் இருக்கும். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். கீழே விழுகிற தண்ணீர் திரும்பவும் சுவரை நோக்கி உருண்டு வரும். அதில் விழுந்த கட்டைகள் மணிக்கணக்காக அங்கேயே புரள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆளும் அப்படித்தான் புரள்வார். நீங்கள் சொன்ன வழியில் முறப்பநாட்டுக்குக் கீழே மருதூர் அணைக்கட்டு இருக்கிறது. எந்த மாதமானாலும் முறப்பநாட்டுப் படித்துறையில் ஓர் ஆளைக் கயிற்றோடு நிறுத்தாமல் கிளம்ப வேண்டாம். நிற்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டால் அடுத்தது அதுதான்.

தையில் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பல இடங்களில் அடி மணலும் மீனும் தெரியும். கவிழ்ந்தாலும் ஓட்டம் மெதுவான இடங்களில் எழுந்து நிற்கலாம், கரைகள் பச்சையாக இருக்கும், பிசான நெல் பால்பிடித்திருக்கும். போவதற்கு முன்தினம் அதே பாதையைக் கரையோரமாக நடந்து, சாய்ந்த மரங்களையும் உறைகிணறுகளையும் பார்த்துவையுங்கள். ஜாக்கெட்டை உட்காரப் போடாமல் உடம்பில் போட்டு வாரை இறுக்குங்கள். ஓட்டம் வேகமான இடத்தில் விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகிற பக்கம் நீட்டி மிதந்து போங்கள். ஆழம் முழங்காலுக்குக் குறையும் வரை எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் ஆளை முன்னால் தள்ளிக் கவிழ்த்துவிடும். எதிரே மரம் கிடந்தால் மட்டும் இந்தச் சட்டம் மாறும். அப்போது குப்புறத் திரும்பி, இருக்கிற பலமெல்லாம் போட்டு விலகி நீந்துங்கள். முடியாவிட்டால் கிளைமேல் ஏறுங்கள், அடியில் போகாதீர்கள்.

மீதி இருக்கும் ஒரு கேனோ முக்கூடலான் வீட்டுத் தொழுவத்தில் கிடக்கிறது. பொங்கல் முடிந்த வாரம் அதைத்தான் எடுத்துப் போவோம். இப்போது அவன் ஜாக்கெட் போடாமல் கணுக்கால் தண்ணீரில்கூடக் கால் வைப்பதில்லை. வழியில் அந்த வாழைத்தோட்டத்தில் இறங்குவோம். அண்ணாச்சிக்கு வேட்டி, கரும்பு, மஞ்சள்குலை கொண்டுபோவோம். அவர் முதலில் படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், பிறகு எங்கள் நான்கு பேர் வாரையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் இளநீர் வெட்டப் போவார்.