ஆச்சியின் இரண்டு எண்கள்

அன்புள்ள சேர்,

யாழ்ப்பாணத்தில் சிறுநீரகப் பிரிவில் பயிற்சி பெறும் மருத்துவர் நான். போன வாரம் 70 வயது ஆச்சி ஒருவர் வந்தார். எடை 40 கிலோ, இரத்தத்தில் கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.0. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் வடிகட்டுகிறது என்பதைக் கைபேசிச் செயலியில் ஒரு சூத்திரம் 61 என்றது, மற்றது 33 என்றது. எதை நம்பி மருந்து எழுதுவது? இதை முறையாகப் படிக்க எங்கே தொடங்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

செயலி பிழை விடவில்லை. 33 என்றது 1976இல் வந்த கொக்குரொஃப்ற்-கோல்ற் சூத்திரம். அதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 140இல் வயதைக் கழித்தால் 70. எடையால் பெருக்கி, 72ஆல் வகுத்து (கிரியேற்றினின் 1 என்பதால் அது கணக்கை அசைக்காது), பெண் என்பதற்காக 0.85ஆல் பெருக்கினால் 33. 61 என்றது 2021இன் சி.கே.டி-எபி என்ற புதிய சூத்திரம். அதற்குள் எடையே கிடையாது. வயது, ஆணா பெண்ணா, கிரியேற்றினின், அவ்வளவுதான். வரும் விடையும் 1.73 சதுர மீற்றர் உடற்பரப்புள்ள ஆளுக்கானது. நம்முடைய ஆச்சி அவ்வளவு பெரிய ஆளா?

உயரத்தை நீங்கள் எழுதவில்லை. 148 சென்ரிமீற்றர் என்று வைத்தால் உடற்பரப்பு 1.28 தான். 61ஐ அதனால் பெருக்கி 1.73ஆல் வகுத்தால் 45. ஆக, 28 எண் இடைவெளியில் 16 இங்கேயே கரைந்துவிட்டது. மீதியில் பழைய சூத்திரம் பிறந்த கதைக்கும் பங்குண்டு. கனடாவில் 249 ஆண்களை வைத்துச் செய்தது அது. பெண்களுக்கான 0.85 அளந்து கண்டதல்ல, இவ்வளவு குறையலாம் என்று வைத்துக்கொண்டது.

நோயின் கட்டத்தைச் சொல்ல நான் 2021ஐயே எடுப்பேன். மருந்துக்கு, எந்த மருந்து என்று முதலில் கேட்பேன். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் புதிய மாத்திரைகளின் ஆய்வுகள் பழைய சூத்திரத்தை வைத்தே நடந்தன. அவற்றுக்கு 33ஐப் பார்க்க வேண்டும். மற்றவற்றுக்கு 45ஐயும் 33ஐயும் பக்கத்தில் வைத்து, மருந்து எவ்வளவு பொல்லாதது என்று யோசியுங்கள். எடையைக் கட்டாயம் தராசில் பாருங்கள். பயிற்சிக் காலத்தில் நான் ஒருவரைக் கண்ணாலேயே நிறுத்து 55 என்று எழுதினேன். தராசு 43 என்றது.

கிரியேற்றினின் தசையிலிருந்து வருவது. போரில் கால் இழந்தவர்கள் நம்மிடம் எத்தனை பேர் வருகிறார்கள்! தசை குறைந்ததால் கிரியேற்றினினும் குறைந்திருக்கும், சூத்திரம் அவர்களுடைய சிறுநீரகத்தை உள்ளதைவிட நன்றாகக் காட்டும். வசதி இருந்தால், தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்ரற்றின் சி என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை பார்ப்பது அங்கேதான் உதவும். முதல் நாள் ஆட்டிறைச்சி சாப்பிட்டு வந்தவருக்குக் கிரியேற்றினின் சற்று ஏறி நிற்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் மாமிசம் தொடாதவரிடம் அந்தக் குழப்பம் இல்லை.

இன்னொன்று, இதில்தான் எனக்குப் பயம். விரியன் கடித்து வயலிலிருந்து வரும் 45 வயதுக்காரருக்கு முதல் நாள் கிரியேற்றினின் 1.4. செயலி 63 என்று சொல்லும். ஆனால் மூத்திரப் பையில் ஒரு சொட்டு இல்லை. அவருடைய வடிகட்டல் ஏறக்குறைய பூச்சியம். கிரியேற்றினின் ஏற இன்னும் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். கிரியேற்றினின் ஒரே நிலையில் நிற்பவருக்கே இந்தச் சூத்திரங்கள். இவரிடம் செயலியைத் திறக்கவே வேண்டாம்.

சரி, படிப்பு. சிறுநீரக நோய்களுக்கு வழிகாட்டி எழுதும் பன்னாட்டு அமைப்பான கேடிகோவின் 2024 வழிகாட்டியை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். நாட்பட்ட சிறுநீரக நோய் பற்றிய அதில், வடிகட்டலை மதிப்பிடும் முதல் அத்தியாயத்தை மட்டும் இப்போது வாசியுங்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் வாசிக்கத் தொடங்கி முடித்தவரை நான் கண்டதில்லை. அப்புறம் நெஃப்ஜேசி: புதிய ஆய்வுகளைச் சிறுநீரக மருத்துவர்கள் கூடிப் பிய்த்துப் பார்க்கும் இணைய வாசிப்பு வட்டம். ஒரு ஆய்வை எப்படிச் சந்தேகிப்பது என்று அங்கே பழகலாம். காணொளிகளைப் பிறகு பார்க்கலாம்.

ஆச்சியின் உயரத்தையும் எந்த மருந்து என்பதையும் எழுதி அனுப்புங்கள்.