கபேனைப் பற்றிக் கேளுங்கள் (டீட்ரிச்சை விட்டுவிட்டு)

பிரெஞ்சு நடிகர் ழான் கபேன் (1904–1976) பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லித் தொலைத்தேன், இரண்டே நாளில் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: இவருடைய பழைய படம் எதையும் போடுவதற்கு முன்னால் அது எந்தப் பிரதி என்று பாருங்கள். ஏன் என்று கீழே வரும்.

மாலைக்காட்சி: காபினா, கபேனா?

கபேன். கடைசி 'ன்' மூக்கோடு நின்றுவிடும். பிறந்தபோது வைத்த குடும்பப் பெயர் மொங்கோர்ழே. கபேன் என்பது அப்பாவின் மேடைப்பெயர், மகன் எடுத்துக்கொண்டார்.

ரயில்பைத்தியம்: 'லா பெத் யுமேன்' (1938) படத்தில் எஞ்சினை அவரே ஓட்டினார் என்கிறார்களே, நிஜமா, டூப்பா?

நிஜம். நல்ல கேள்வி கேட்டீர்கள். பாரிஸுக்கு வடக்கே மெரியேல் என்ற ஊரில், ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர். அப்பா அம்மா இருவரும் மேடைக் கலைஞர்கள், பையனுக்கோ எஞ்சின் டிரைவர் ஆக ஆசை. கடைசியில் அப்பா வழியிலேயே போய் மியூசிக் ஹாலில் ஆடிப்பாடி, 1930-க்குப் பிறகுதான் சினிமா. எட்டு வருஷம் கழித்து இந்தப் படத்தின் இயக்குநர் ரெனுவார் அந்தப் பழைய ஆசையை நிறைவேற்றி வைத்தார். படத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். லெ ஹாவ்ரை நோக்கி ரயில் பறக்கிறது, அந்த இரைச்சலில் பேச முடியாது, அதனால் பேச்சே இல்லை. கண்ணாடி மாட்டிய, கரி படிந்த முகம் பக்கவாட்டில் வெளியே நீள்கிறது, கரி அள்ளும் கூட்டாளியிடம் எல்லாம் கைச்சைகைதான். நடிப்பு என்று தோன்றவே தோன்றாது, டூட்டி பார்க்கிற ஆள் மாதிரி இருப்பார்.

கடலோரம்: ஹாலிவுட் நடிகை மார்லீன் டீட்ரிச்சுடன் காதலாமே?

ஆமாம். ஜெர்மானியர்கள் பிரான்ஸைப் பிடித்த பிறகு 1941-இல் அமெரிக்கா போனார், அங்கே சேர்ந்தார்கள். இருவரும் சேர்ந்து நடித்தது 1946-இல் 'மார்த்தேன் ருமாஞாக்' ஒன்றுதான், அது ஓடவில்லை. காதலும் அத்தோடு முடிந்தது.

புதுசு: எதிலிருந்து ஆரம்பிக்கலாம் அண்ணா?

'பெப்பே லெ மொக்கோ' (1937). அல்ஜியர்ஸ் நகரின் பழைய குறுகிய சந்துகள் நிறைந்த காஸ்பா பகுதிக்குள் ஒளிந்திருக்கும் திருடன், வெளியே கால் வைத்தால் போலீஸ். ஆனால் ஷார்ல் புவாயே நடித்த ஹாலிவுட் 'அல்ஜியர்ஸ்' (1938) கையில் சிக்கினால் அது வேறு படம். ரீமேக் எடுத்தவர்கள் அசலைச் சில வருஷம் அமெரிக்காவில் திரையிடவே விடவில்லை. 'லெ ஜூர் ஸெ லெவ்' (1939) படத்துக்கும் அதே கதி. 1947-இல் ரீமேக் எடுத்த கம்பெனி அசல் பிரதிகளை அழிக்கவே பார்த்தது, அதற்கு முன்பே, போர்க்காலத்தில் ஜெர்மானியர்களுக்குப் பணிந்து நடந்த பிரான்ஸின் விஷி அரசு வெட்டியது தனி. 'லா பெல் எகிப்'புக்கு (1936) முடிவே இரண்டு, ஒன்று சோகம், மற்றது தயாரிப்பாளர்கள் கேட்டு வாங்கிய சந்தோஷம். எந்தப் பிரதி என்று பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

நீலக்கண்: டீட்ரிச் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்?

மேலே இருக்கிறது.

சிப்பாய்: போரில் உண்மையிலேயே சண்டை போட்டாரா, இல்லை பத்திரிகைக்கு போஸ் கொடுத்தாரா?

போட்டார். ஹாலிவுட்டில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். 1943-இல் ஜெர்மானியர்களை எதிர்த்துப் போரிட்ட சுதந்திர பிரான்ஸின் கடற்படையில் சேர்ந்து, பிறகு ஜெனரல் லெக்லெர்க்கின் கவசப் படைப்பிரிவில் டாங்கி கமாண்டர் ஆனார். வயது நாற்பது, கூட இருந்தவர்கள் எல்லாம் பையன்கள். 1945-இல் ஹிட்லரின் மலைவீடு இருந்த பெர்ஹ்டெஸ்கார்டன் வரை போனார். திரும்பி வந்தபோது தலை வெள்ளை. அதற்கு முன்பு 'லா க்ராந்த் இல்யூஸியோ'னில் (1937) போர்க்கைதியாக நடித்தபோது அவர் போட்டிருந்தது முதல் உலகப் போரில் விமானம் ஓட்டிய ரெனுவாரின் சொந்த யூனிஃபார்ம்.

பழையபடம்: போருக்கு முன்னால் இருந்தவர்தான் கபேன். திரும்பி வந்தவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார், நடுவில் ஒருமுறை கத்துகிறார். அதற்குப் பெயர் நடிப்பா?

வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். கத்துவதைப் பற்றி முதலில். ஒப்பந்தத்திலேயே ஒரு கோபக் காட்சி வேண்டும் என்று எழுதி வாங்குவார் என ஒரு கதை உலவுகிறது. இருக்கட்டும். ஆனால் அந்தக் கத்தல் உங்களுக்குப் பிடித்த போருக்கு முந்தைய கபேனின் சரக்கு அல்லவா? 'லெ ஜூர் ஸெ லெவ்'வில் மாடி ஜன்னலில் நின்று கீழே கூட்டத்தைப் பார்த்துக் கத்துகிறாரே, அதைவிடப் பெரிய கத்தல் பின்னால் எங்கே இருக்கிறது? சரி, சாப்பாட்டுக்கு வருவோம். 1946-இலிருந்து 1953 வரை அவருக்குப் போதாத காலம். 1951-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தும் கூட்டம் வரவில்லை. பழைய காதல் நாயகனும் இல்லை, புதிதாக யாரும் இல்லை. 1954-இல் ழாக் பெக்கரின் 'தூஷே பா ஓ க்ரிஸ்பி'. வயதான கொள்ளைக்காரன் மாக்ஸ், நண்பனைத் தன் ரகசிய வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. ரஸ்க்கை எடுத்து வைக்கிறான், பாத்தே என்ற இறைச்சி விழுதைத் தடவுகிறான், ஒயின் ஊற்றுகிறான். அப்புறம் நண்பனுக்குப் பைஜாமா எடுத்துக் கொடுக்கிறான், இருவரும் பல் தேய்க்கிறார்கள். நண்பன் கண்ணாடியில் தன் தொங்கிய தாடையைத் தடவிப் பார்க்கிறான். வயசாகிவிட்டது, இனி இந்தத் தொழில் வேண்டாம் என்று முழுப்படமும் சொல்ல வந்தது அந்த ரஸ்க்கிலேயே இருக்கிறது. அதைச் சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது என்கிறீர்கள்!

கேள்விக்குறி: பழையபடம் சொல்வதிலும் நியாயம் உண்டு. அறுபதுகளில் ஒதியார் எழுதிய வசனத்தைக் கொட்டிவிட்டுப் போகிறாரே?

இதை ஒத்துக்கொள்கிறேன், எல்லாவற்றையும் அல்ல. மிஷல் ஒதியார் வசனம் எழுதிய சில படங்களில் கபேன் நடிக்கவில்லை, தீர்ப்பு வாசிக்கிறார். ஆனால் 'அன் ஸேஞ்ஜ் ஆன் இவேர்' (1962) எழுதியதும் அதே ஒதியார்தானே? அதில் குடியை விட்டுவிட்ட ஹோட்டல்காரர், எதிரே இளம் நடிகர் பெல்மொந்தோ. அடுத்த வருஷமே இன்னொரு இளம் நடிகர் டெலோனோடு ஒரு படம். பையன்கள் ஓடியாட, இவர் நின்ற இடத்தில் நின்றே காட்சியை வாங்கிக்கொள்கிறார்.

பழையபடம்: நிற்பது சோம்பேறித்தனம்.

'லெ கே தே ப்ரூம்' (1938) படத்திலும் நின்றுகொண்டுதான் மிஷேல் மோர்கானிடம் 'உனக்கு அழகான கண்கள், தெரியுமா' என்கிறார். அதைச் சோம்பேறித்தனம் என்று ஒருவரும் சொல்லவில்லை. முடி கறுப்பாக இருந்தால் நிதானம், வெளுத்தால் சோம்பேறித்தனமா?

கடலோரம்2: டீட்ரிச் ஏன் இவரைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை?

இன்னொரு தடவை இந்தப் பெயர் வந்தால் கடையை மூடிவிடுவேன். 1949-இல் தொமினிக் ஃபூர்னியேயைக் கல்யாணம் செய்துகொண்டார், மூன்று பிள்ளைகள். போதுமா?

விவசாயி: நிலம் வாங்கி மாடு வளர்த்தாராமே?

நார்மண்டியில் பெரிய பண்ணை. கூத்துக்கு அல்ல, ஆசையாகவே செய்தார். 1962-இல் ஒரு ஜூலை இரவு, சுற்று வட்டார விவசாயிகள் சுமார் 700 பேர் பண்ணைக்குள் புகுந்தார்கள். காசுள்ளவர் இப்படி நிலத்தைச் சேர்த்தால் எங்கள் பிள்ளைகள் எங்கே உழுவது, குத்தகைக்கு விடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் தன்னை விவசாயி என்றே நினைத்திருந்த மனிதருக்கு அது கடைசி வரை ஆறவில்லை.

மாலைக்காட்சி: சமாதி எங்கே?

இல்லை. 1976 நவம்பரில் இறந்தார். பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகக் கரைக்கு அப்பால் கடற்படைக் கப்பலிலிருந்து சாம்பலைக் கரைத்தார்கள்.

பழையபடம்: நேற்று ராத்திரி அந்த ரஸ்க் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். போருக்கு முன்புதான் கபேன் என்பதை இன்னும் விடவில்லை. ஆனால் பல் தேய்க்கும்போது ஏதோ செய்தது.

விட வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து 'லெ ஷா' (1971) பாருங்கள், ஸிமோன் ஸிஞோரேவுடன். சுற்றிலும் வீடுகளை இடித்துக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டுத் துண்டுச்சீட்டு எழுதி எறிந்துகொள்கிறார்கள். பெர்லின் திரைப்பட விழாவில் இருவருக்கும் பரிசு. பார்க்கும் முன் வீட்டுக்காரம்மாவிடம் நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசிவிட்டு உட்காருங்கள். அப்புறம், எந்தப் பிரதி என்றும் பாருங்கள்.