முன்பாயைக் குறைந்த செலவில் அடக்க என்ன வழி?

கேள்வி: என்னுடைய 20 அடிப் பாய்மரப் படகைச் சென்னைத் துறைமுகத்துக்குள் ஓட்டுகிறேன். பிற்பகலில் கடற்காற்று வலுத்தால், பாய்மரத்துக்கு முன்னால் நிற்கும் முன்பாயை இறக்க, படகின் முன்முனையான அணியத்துக்குத் தவழ்ந்து போகவேண்டியுள்ளது. பாயைச் சுருட்டும் பழைய டிரம் ஒன்றைக் குறைந்த விலைக்குத் தரும் தரகர், பாயைப் பாதி சுருட்டியும் ஓட்டலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அணியத்துக்குப் போகாமல் பாய் கீழே வர, ஒரு கயிறும் ஒரு கப்பியும் போதும். 6 மி.மீ. கயிற்றின் முனையைப் பாயின் தலை வளையத்தில் கட்டி, பாய்மரத்தை முன்னாலிருந்து தாங்கும் முன்கம்பியில் பாயை மாட்டும் கொக்கிகளில் இரண்டு மூன்றின் உள்ளே நுழைத்து, பாயின் முன் அடிமூலையருகே கட்டிய கப்பி வழியாக நீங்கள் அமரும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். 12 மீட்டர் தாராளம். பாயை ஏற்றும் கயிற்றையும் அங்கேயே கொண்டுவந்துவிட்டால், அதைத் தளர்த்திய கையோடு இதை இழுக்க, பாய் மடிந்து தளத்தில் விழும்.

சுருட்டித்தான் ஆகவேண்டும் என்றால், கீழே டிரம், மேலே தடையின்றித் திரும்பும் சுழலி, பாயின் முன்விளிம்பில் தைத்த எஃகுக் கம்பி ஆகிய மூன்றும் வேண்டும். தரகர்கள் டிரம்மை மட்டும் தள்ளிவிடுவார்கள். மேல் சுழலி இல்லாவிட்டால் ஏற்றும் கயிறும் பாயோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். மூன்றும் இருந்தாலும் பாதியில் நிறுத்த முடியாது. கீழே திருப்பும் விசை அந்த மெல்லிய கம்பி வழியாக முழுதாக மேலேறாததால், தலைப்பகுதி அவிழ்ந்து பை போல உப்பி, காற்று மிகுந்த நேரத்தில்தான் படகைச் சாய்க்கும். ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரையுள்ள மாநிலத்தின் சிறு படகுக்காரர்கள், படகுச் சாமான்கள் பலவற்றைச் சுங்கத் தீர்வை கட்டி வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நிலையில் இருப்பதால்தான் தரகர்களின் இந்த வியாபாரம் நடக்கிறது.

ஒன்றைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். பாய்க்குள் கம்பி இருப்பதால் முன்கம்பியைக் கழற்றிவிடலாம் என்பார்கள். டிங்கி எனப்படும் சிறு திறந்த படகுகள் சிலவற்றில் பாயின் கம்பியே பாய்மரத்தைத் தாங்குவது உண்மைதான். ஆனால் அவற்றின் மரம் இலேசானது, இருவர் தூக்கி நிறுத்திவிடலாம். அவற்றிலும் பல, பாயை இறக்கும்போது மரம் விழாதிருக்கத் தளர்வான முன்கம்பி ஒன்றை வைத்திருக்கின்றன. உங்கள் படகிலோ, முன்கம்பி இல்லாதபோது ஏற்றும் கயிறு அறுந்தால் பாய்மரம் பின்னால் சாய்ந்து, அமர்ந்திருப்பவர்கள்மேல் விழும். முன்கம்பி இறுக்கமாக அதன் இடத்திலேயே இருக்கட்டும். சுருளும் பாய் அதற்குச் சற்றுப் பின்னால், அதில் உரசாமல் தனியே நிற்கட்டும்.

சுருட்டிய பாய்க்கு வெயில் படாமல் உறை போடுங்கள். வடகிழக்குப் பருவத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் உறையை நம்பாமல், பாயைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள்.