பதில்: போனில் தமிழ் பிடிஎஃப் படிக்க எந்தச் செயலி?

ஆண்ட்ராய்டு போனில் கிண்டில் செயலியில் பிடிஎஃப் திறந்தால் எழுத்து பொடியாகத் தெரிகிறது, வேறொரு செயலியில் 'ரீஃப்ளோ' (எழுத்தைப் பெரிதாக்கி வரிகளைத் திரை அகலத்துக்கு மடித்துக் காட்டும் வசதி) போட்டால் தமிழ் எல்லாம் குப்பை எழுத்தாகிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். குற்றம் செயலியில் இல்லை, கோப்பில்தான். பழைய தமிழ் பிடிஎஃப்கள் பல பாமினி போன்ற யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறை) அல்லாத எழுத்துருவில் தட்டச்சானவை. பக்கத்தைப் படமாகப் பார்க்கும்வரை சரியாக இருக்கும். செயலி எழுத்தைப் பிரித்தெடுத்தால் உள்ளிருக்கும் ஆங்கில எழுத்துகளே வெளியே வரும். தேடலும் வேலை செய்யாது.

உங்களுக்கு கேஓரீடர் (KOReader) என்ற செயலிதான் சரி. இலவசம், திறமூலம். அதன் ரீஃப்ளோ எழுத்தைத் தொடுவதில்லை. பக்கத்தின் படத்தையே சொல் சொல்லாக வெட்டி, பெரிதாக்கி, மடித்து அடுக்குகிறது. அதனால் ஸ்கேன் செய்த புத்தகத்துக்கும் பலிக்கும். புத்தகத்தைத் திறந்து, திரையின் அடிப்பகுதியைத் தட்டினால் வரும் பட்டையில் முதலில் பக்க ஓரத்தை வெட்டும் அமைப்பை 'ஆட்டோ' ஆக்குங்கள், பிறகு ரீஃப்ளோவை இயக்குங்கள். ஓரத்தில் பக்க எண்ணோ கறையோ மிஞ்சினால் அதுவும் வரிக்கு நடுவே வந்து நிற்கலாம். பக்கம் புரள்வது சற்று மெதுவாகும். அட்டவணை, இரட்டைப் பத்தி உள்ள பக்கங்களில் ரீஃப்ளோவை அணைத்துவிட்டுப் போனைக் கிடையாகத் திருப்பிப் படியுங்கள்.

அதே புத்தகம் ஈபப்பாக (EPUB, எழுத்தளவு மாற்றினால் வரிகள் தானே மடியும் மின்னூல் வடிவம்) கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், ரீட்எரா (ReadEra) செயலி போதும். கணக்கு தேவையில்லை, விளம்பரமும் இல்லை. கேஓரீடரிலேயே ஈபப்பும் படிப்பதானால், நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருக் கோப்பை அதன் 'ஃபாண்ட்ஸ்' கோப்புறையில் போட்டு, செயலியை மூடித் திறந்து தேர்ந்தெடுங்கள்.